உபதேசமும் உபகாரமும்

தமிழர் தங்கவயல் என்று வழங்கும் கோலார் தங்கச் சுரங்கப் பகுதியில் மைசூர் மைன்ஸ் என்பது முதலில் ஒரு சுரங்கத்தின் பெயர். நாளடைவில் அதுவே ஊரின் பெயரும் ஆயிற்று. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்குக் கால்வைத்த காலந்தொட்டு, வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து ஏழைத் தொழிலாளர் குடும்பம் குடும்பமாகச் சென்று குடியேறினர். பூமிக்குள் மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கி அவர்கள் பொன் எடுத்தனர். பிற மாநிலத்தில் வாழும் தமிழர்க்குள் இவர்கள் மூத்த வரிசையில் நிற்பவர்கள். ஆதலின், மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நேயர்களுக்கு இவர்தம் வரலாறு அயலார் வரலாறு ஆகாது.

சுரங்கத்தின் பின்னே கோயில்களும் வந்தன. சாம்பியன் ரீப்பில் கத்தோலிக்கரின் வெற்றி மாதா ஆலயம் எழுந்தது. ஆங்கிலிக்கர், லுத்தரன் சபையார், மெதடிஸ்டுகள் ஆகியோரும் தத்தம் ஆலயங்களையும் பள்ளிகளையும் அமைத்தனர். கூலி லைன்களின் நடுவே நின்ற இவ்வாலயங்களில் ஊழியம் செய்தோர் ஒவ்வொருவரையும் ஒரு வினா எதிர்கொண்டிருக்க வேண்டும். அறையொன்றில் எண்மர் படுத்துறங்கும் வீட்டுக்குள் நுழையும் போதகர் முதலில் வேதத்தைத் திறப்பதா, மருந்துப் பையைத் திறப்பதா? சொல்லுக்கு எத்துணை நேரம், செயலுக்கு எத்துணை நேரம்?

தராசின் இரு தட்டுகளைப் போல இவ்விரண்டையும் வைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஒரு தட்டில் பிரசங்கம், மறு தட்டில் தருமம். இரண்டும் சமமாக நின்றால் ஊழியம் செவ்வையாக நடக்கிறது என்பது பலர் எண்ணம். இவ்வெண்ணம் முழுவதும் சரியன்று என்பது நமது கருத்து. உபகாரம் விலையின்றி அளிக்கப்படுகிறதா? உபதேசம் கேட்பவனுடைய உண்மையான சுமையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறதா? இவ்விரு கேள்விகளையும் விட்டுவிட்டு அளவை மட்டும் பார்ப்பதால் பயனில்லை.

இச்சிக்கல் கிறிஸ்தவ சபையோடு உடன்பிறந்தது என்றே சொல்லலாம். புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலருடைய நடபடிகள் ஆறாம் அதிகாரத்தைப் படித்தோர் இதனை அறிவர். எருசலேமில் சபை பெருகியது; ஏழை விதவைகளுக்கு நாள்தோறும் உணவு பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்பொழுது ஒரு முறுமுறுப்பு எழுந்தது. எபிரெயம் பேசிய விதவைகளுக்கு ஒழுங்காகப் பங்கு கிடைத்ததாம். கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப் போனார்களாம். அப்போஸ்தலர்கள் வசனத்தைவிட்டுப் பந்தி விசாரிக்க வருவது தகாது என்று கருதி, அவ்வேலைக்கென ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தனர்.

இதைக் காட்டி, போதகன் வேலை வேறு, பந்தி விசாரிப்பவன் வேலை வேறு என்று பிரித்துப் பேசுவோர் உளர். ஆயின் அந்த ஏழு பேரின் பெயர்களைக் கவனித்தல் வேண்டும். அவை யாவும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன சிறுபான்மையினர் கூட்டத்திலிருந்தே விசாரிப்புக்காரர் நியமிக்கப்பட்டனர் என்று கொள்ள இடமுண்டு. அடுத்த அதிகாரத்திலேயே அவர்களுள் ஒருவரான ஸ்தேவான், தம் காலத்து மிகப் பெரிய பிரசங்கம் ஒன்றைச் செய்து உயிரும் துறக்கிறார். மற்றொருவரான பிலிப்பு சமாரியா வரை சென்று போதிக்கிறார். பந்தி விசாரிக்க நின்றவர்கள் வாய் மூடி நிற்கவில்லை. வேறு மொழி பேசும் ஊரில் பங்கீட்டு வரிசையில் நின்று தன் பெயர் விடுபட்டதைக் கண்ட அனுபவம் நம் நேயர் பலருக்கும் இருக்கும். அவர்களுக்கு இந்த அதிகாரம் விளக்கவுரை இன்றியே விளங்கும்.

ஈண்டுச் சொல் பற்றிய ஒரு குறிப்பு. கிறிஸ்தவத் தமிழில் ஊழியம் என்பது மிகவும் உயர்ந்த சொல். ஆனால் அதே சொல் திருவிதாங்கூர் நாட்டில் கூலியின்றி வாங்கப்பட்ட கட்டாய வேலைக்கும் பெயராக இருந்தது. மூல நூலின் கிரேக்கச் சொல்லும் பந்தியில் பரிமாறுவதைக் குறிக்கும் எளிய சொல்லே. பீடத்தின் மேல் நின்று பேசுவதையே ஊழியம் என்று நாம் இன்று எண்ணிக்கொள்கிறோமே, அச்சொல் முதலில் குனிந்து செய்யும் வேலையையே குறித்தது.

இனி வரலாற்றுக்கு வருவோம். தங்கவயலில் கம்பெனியார் சுரங்கம் தோண்டத் தொடங்குவதற்குச் சற்று முன்பு, 1876 முதல் 1878 வரை தென்னாட்டைக் கொடும் பஞ்சம் வாட்டியது. மைசூர் அரசின் மக்கட்டொகை 1871-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 50 லட்சத்துக்கு மேல். 1881-இல் அது 42 லட்சத்தைக்கூட எட்டவில்லை. இடையே பிறந்தோரையும் எண்ணிப் பார்த்தால் இறந்தோர் தொகையின் பருமை விளங்கும். அப்பஞ்ச காலத்தில் மிஸ் அன்ஸ்டி என்னும் ஆங்கிலப் பெண்மணி கோலார் நகரில் அநாதைக் குழந்தைகளைத் திரட்டி ஓர் இல்லம் நடத்தினார். 1890-இல் அவ்வூழியத்தை அமெரிக்க மெதடிஸ்டு மிஷனிடம் ஒப்படைத்தார். அதே மிஷன் 1910-இல் கோலாரில் எல்லன் தோபர்ன் கோவன் நினைவு மருத்துவமனையை நிறுவியது.

பஞ்சத்தில் சாகக் கிடந்த குழந்தையை எடுத்து வளர்த்தது பெரிய அறம். அதில் ஐயத்துக்கு இடமில்லை. எனினும், நடுநிலையில் நின்று பார்ப்பவர் ஒன்றை மறைக்கலாகாது. அக்குழந்தை சோற்றையும் வேதத்தையும் ஒரே கையிலிருந்து பெறுகிறது. இரண்டில் ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுக்க அதற்கு வழியில்லை. சோற்றுக் கிறிஸ்தவர் என்று பழித்துப் பேசியவர்கள் கொடியவர்களாயினும், அவர்கள் விரல் சுட்டிய இடம் வெற்றிடமன்று.

இந்தச் சிக்கலை நேர்நின்று சந்தித்தவர் ஒருவர் அதே பஞ்சத்தில் இருந்தார். தெலுங்கு நாட்டில் ஒங்கோலில் பணிபுரிந்த அமெரிக்க பாப்திஸ்து மிஷனரி ஜான் கிளஃப் அவர். நில அளவைத் தொழில் பயின்ற அவர், பஞ்ச நிவாரணத்தின்போது பக்கிங்ஹாம் கால்வாயில் மூன்றரை மைல் நீளத்தை வெட்டும் குத்தகையை அரசிடமிருந்து பெற்றார். பட்டினியால் வாடியவர்கள் வந்து மண் வெட்டிக் கூலி பெற்றனர். இலவசக் கஞ்சியைவிடக் கூலி மேலானது. கை நீட்டுபவனை அது வேலைக்காரனாக நிமிர்த்துகிறது. அவர்களுட் பெரும்பாலோர் தோல் தொழில் செய்து ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட மாதிகர்.

வேலை செய்த கூட்டத்தில் ஞானஸ்நானம் கேட்டு வந்தோர் பலர். கிளஃப் மறுத்துவிட்டார். நிவாரணப் பணமும் தானியமும் தம் கையால் பங்கிடப்படும் காலம் முழுவதும் ஒருவரையும் சபையில் சேர்ப்பதில்லை என்று ஓராண்டுக்கும் மேலாக அவர் உறுதியாக நின்றார். மேற்பார்வை பார்த்த உபதேசியார்கள் மண் வெட்டியவர்களோடு பேசிக்கொண்டுதான் இருந்தனர். வருத்தப்பட்டோருக்கு ஆறுதல் சொல்லத் தடை ஏதும் இல்லை. ஆகவே கிளஃப் பேச்சை நிறுத்தவில்லை. தலை எண்ணுவதைத்தான் நிறுத்தினார். பஞ்ச நிவாரணம் முடிந்து, இனிக் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்ற நிலை வந்த பின்னரே கதவு திறந்தது. 1878 ஜூலை 3-ஆம் நாள் ஒரே நாளில் 2,222 பேர் குண்டலகம்மா ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றனர். இந்தியப் போதகர்கள் அறுவர் முறை வைத்துக்கொண்டு இருவர் இருவராக அச்சடங்கை நடத்தினர். கிளஃப் தாம் ஒருவருக்கும் செய்து வைக்கவில்லை.

சோற்றின் நினைவு அவர்கள் உள்ளத்தில் இல்லாமலா போயிற்று என்று கேட்பார் கேட்கலாம். மனித உள்ளத்தை அவ்வளவு துல்லியமாகப் பிரித்துப் பார்க்க யாராலும் இயலாது. நம்மைக் காப்பாற்றியவர் சொல்லை நாம் நம்புவதும் இயற்கையே. ஆயினும், தம் கையில் அதிகாரமும் தானியமும் ஒருங்கே இருந்த வேளையில் அறுவடையைத் தள்ளிவைத்த ஒரு மனிதர், இவ்விஷயத்தில் பிறர் எழுதிய பல புத்தகங்களைவிட அதிகமாக நமக்குக் கற்பித்துவிட்டார்.

வேலூர் வேறொரு வழியைக் காட்டியது. குடியாத்தம், வேலூர் வட்டாரத்திலிருந்து தங்கவயலுக்குச் சென்ற குடும்பங்கள் மிகப் பல. ஆகையால் வேலூர்ப் பெரியாஸ்பத்திரி சுரங்கத் தொழிலாளர்க்கும் சொந்த ஊர் ஆஸ்பத்திரியே. அதனைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த மருத்துவ மிஷனரி. மிஷனரியாகும் விருப்பமே இல்லாதிருந்த ஐடாவை, திண்டிவனத்தில் ஓர் இரவு மாற்றியது. ஆண் மருத்துவரைத் தம் வீட்டுப் பெண்களிடம் விட மறுத்த மூன்று குடும்பங்களில் மூன்று இளம் பெண்கள் பிரசவத்தில் மாண்டனர் என்பது பலரும் அறிந்த வரலாறு. அவர் மருத்துவம் பயின்று 1900-இல் திரும்பினார். 1902-இல் வேலூரில் மருத்துவமனை திறந்தது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது.

இவற்றுள் நம் பொருளுக்கு நெருங்கியது சாலையோர வைத்தியம். மருத்துவமனைக்கு வர இயலாதவர்களிடம் மருத்துவமனையே செல்லட்டும் என்று, மோட்டார் வண்டியில் மருந்துகளை ஏற்றிக்கொண்டு ஐடா குடியாத்தம் சாலையில் புறப்பட்டார். மரத்தடிகளில் வண்டி நிற்கும். குட்ட நோயாளர், புண்பட்டோர், காய்ச்சற்காரர் கூடிக் காத்திருப்பர். உபதேசமும் அங்கு நடந்ததுண்டு. அதை அவர் மறைத்ததும் இல்லை. ஆனால் எவர் என்ன நம்பிக்கை உடையவராயினும் கட்டு ஒன்றுபோலவே கட்டப்பட்டது. ஒங்கோலில் காலத்தால் பிரித்து வைக்கப்பட்ட சொல்லும் செயலும், இங்கு ஒரே மரத்தடியில் ஒன்றுக்கொன்று விலை பேசாமல் அருகருகே நின்றன. கிளஃபின் வழி இக்கட்டான வேளைக்கு உரியது. அன்றாட வாழ்வுக்கு ஐடாவின் வழியே உகந்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

ஒரு சிறு கிளைக்கதை. யாழ்ப்பாணம் மானிப்பாயில் பணிபுரிந்த சாமுவேல் கிரீன் என்னும் மிஷனரி, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். நோயாளியின் மொழியில் வைத்தியம் பேசவேண்டும் என்பது அவர் கொள்கை. மொழிபெயர்ப்பும் ஒருவகைப் பந்தி விசாரணையே என்று நாம் கொள்வதில் தவறில்லை.

மீண்டும் மைசூர் மைன்ஸுக்கு வருவோம். இங்கிருந்த துன்பம் பஞ்சத்தைப் போல ஒருமுறை வந்து போவதன்று. அது நாள்தோறும் ஷிப்டு முறையில் வந்தது. ஆழம் கூடக்கூட வெப்பம் கூடியது. அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடித்து ஆட்களைப் புதைத்தது. கல் தூசி நுரையீரலில் படிந்து மூச்சை அடைக்கும் சிலிக்கோசிஸ் நோய் இந்தியாவில் முதலில் அறியப்பட்ட இடம் இந்தச் சுரங்கங்களே. 1902-ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து யந்திரங்களை ஓட்டியது. ஆயினும் கூலி லைன்களில் இருள் நீங்க வெகுகாலம் பிடித்தது.

இங்கு வாழ்ந்த தமிழர் யார் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்ளும் பேதையர் அல்லர். 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் இயக்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் நடத்திய 'தமிழன்' பத்திரிகையை, அவர் மறைவுக்குப் பின், 1926 முதல் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் மீண்டும் வெளியிட்டார். பகலில் பாறை குடைந்தவர்கள் இரவில் மதங்களின் தத்துவம் பற்றி வாதிட்டனர். கிறிஸ்தவ சபைக்குள்ளும் சாதி நுழைந்திருப்பதை அவர்கள் கண்டனர். கண்டதைச் சொல்லவும் செய்தனர். இத்தகைய மக்கள் முன் பிரசங்கம் செய்பவருக்குத் தம் வாழ்க்கையே முதற்சான்று. அவர் எந்த வீட்டில் தண்ணீர் அருந்துகிறார், எந்த வீட்டு வாசலில் நின்றே திரும்புகிறார் என்பதை லைன் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்.

இனி நாம் சொல்லப்போவது சற்றுக் கசப்பானது. சுரங்க நகரியத்தில் நீரில்லாத எடுப்புக் கழிப்பிடங்கள் நெடுங்காலம் இருந்தன. அவற்றின் மலத்தைக் கையால் அள்ளிக் கூடையிலும் வாளியிலும் சுமந்தோர், தெலுங்கு நாட்டிலிருந்து வந்த மாதிக சமூகத்தினர். ஒங்கோல் கால்வாயில் மண் வெட்டினார்களே, அதே சமூகம். அவர்களுட் கிறிஸ்தவர்களும் இருந்தனர். ஞாயிற்றுக்கிழமை ஆலயம் திறந்திருந்தது. மிஷன் பள்ளிக்கூடங்கள் நடந்தன. கம்பெனி மருத்துவமனை இருந்தது. உபதேசமும் குறைவில்லை, உபகாரமும் குறைவில்லை. திங்கட்கிழமை காலையில் கூடை மட்டும் அதே தலையில் ஏறியது.

1966-இல் இந்தச் சமூகத்தில், விவிலியப் பெயர்கள் தாங்கிய பெற்றோருக்கு மகனாகத் தங்கவயலில் பிறந்தவர் பெசவாடா வில்சன். தந்தையும் தமையனாரும் இத்தொழிலையே செய்தனர். இளமையில் சமூகப் பணியில் ஈடுபட்ட வில்சன், 1986 முதல் இக்கொடுமையை நிறுத்தக் கோரி அதிகாரிகளுக்கும் அமைச்சர்களுக்கும் கடிதங்கள் எழுதினார், பயன் விளையவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993-இல் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. கழிப்பிடங்களைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, வழக்குத் தொடுப்பேன் என்று அவர் எச்சரித்த பிறகே நிர்வாகம் அசைந்தது. கழிப்பிடங்கள் மாற்றப்பட்டன, தொழிலாளர் வேறு வேலைக்கு அனுப்பப்பட்டனர். பின்னர் சபாய் கரம்சாரி ஆந்தோலன் என்னும் இயக்கத்தின் வாயிலாக அப்பணி நாடெங்கும் பரவியது. 2003-இல் அவ்வியக்கம் உச்ச நீதிமன்றம் சென்றது. 2014-இல் தீர்ப்பு வந்தது. சாக்கடையில் இறங்கி மாண்டோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்பது அத்தீர்ப்பின் ஒரு பகுதி. 2016-இல் வில்சனுக்கு மகசேசே விருது கிடைத்தது.

இதனால் நாம் பெறும் கருத்து யாது? தராசு சமமாக நின்றும் கூடை இறங்கவில்லை. புண்ணுக்கு மருந்திட்டவர்கள் புண்ணின் காரணத்தைப் பேசவில்லை எனில் அவ்வுபகாரம் பாதி உபகாரம். பொறுமையைப் பற்றிப் பேசியவர்கள் யார் பொறுக்கிறார், எதைப் பொறுக்கிறார் என்று சொல்லவில்லை எனில் அவ்வுபதேசம் பாதி உபதேசம். இரண்டு பாதிகளைக் கூட்டினால் ஒன்று ஆகும் என்பது கணக்குக்குப் பொருந்தும், ஊழியத்துக்குப் பொருந்தாது. குளிரில் நடுங்குபவனை நோக்கிச் சமாதானத்தோடே போ என்று வாழ்த்துவதை யாக்கோபு தம் நிருபத்தில் கண்டிக்கிறார். போர்வை கொடுத்தனுப்பினால் அக்கண்டனத்துக்குத் தப்பலாம். ஆனால் ஆண்டுதோறும் அதே மனிதன் போர்வைக்கு வந்து நின்றால், அவன் ஏன் குளிர்கிறான் என்று பீடத்திலிருந்து கேட்பதும் போதகனுடைய வேலையே. பழைய ஏற்பாட்டின் ஆமோசும் ஏசாயாவும் இதைத்தானே செய்தார்கள்!

இவ்வாறு பேசினால் சபைக்கு நன்கொடை தரும் மேலதிகாரிகள் மனம் கோணுவர் என்னும் அச்சம் இயல்பானது. கம்பெனி நிலத்தில் கட்டிய ஆலயத்துக்குள் கம்பெனியின் கழிப்பிடத்தைப் பற்றிப் பேச நெஞ்சுரம் வேண்டும். இந்த இடத்தில் சொல்லே செயலாகிவிடுகிறது. இன்னும் சொல்லப்போனால், மருந்துப் பையைவிட விலையுயர்ந்த செயலாகிவிடுகிறது.

சுரங்கங்களை 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் ஏற்றன. 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் நடத்தியது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் அனைத்தும் மூடப்பட்டன. கம்பெனி மருத்துவமனையும் பூட்டப்பட்டது. மலை மலையாகக் குவிந்த சயனைடு மண் மட்டும் எஞ்சியது. கோடைக் காற்றில் அதன் தூள் பறந்து வீடுகளுக்குள் புகுகின்றது. 2021-இல் கொரோனாத் தொற்று பரவியபோது, இருபதாண்டுகள் பாழடைந்து கிடந்த அம்மருத்துவமனையைத் தன்னார்வலர் நூற்றுக்கணக்கானோர் கூடிச் சுத்தம் செய்து மீண்டும் திறக்கச் செய்தனர். அச்செயலுக்கு எந்த மதத்தாரும் தனியுரிமை கொண்டாட இயலாது; கொண்டாடாதவரை அது அழகாகவும் இருக்கிறது.

வெளி மாநிலங்களில் தமிழ் ஆராதனை நடத்தும் சபையார் இதனோடு தங்கள் நிலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஊரிலிருந்து புதிதாக வந்திறங்கிய குடும்பத்துக்கு ஆலயத்தில் கிடைக்கும் முதற்பொருள் பெரும்பாலும் தமிழ்ப் பாட்டு. அது சிறிய பொருளன்று. ஆனால் அவர்களுக்கு ரேஷன் அட்டை விண்ணப்பத்தை நிரப்பித் தர ஆள் வேண்டும். அரசு மருத்துவமனையில் இந்தியோ மராத்தியோ பேசும் மருத்துவரிடம் நோயைச் சொல்ல ஒரு வாய் வேண்டும். கட்டட வேலையில் காலொடிந்தவனுக்கு நஷ்டஈட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று எடுத்துரைக்க வேண்டும். இவற்றைச் செய்தபின், அடுத்த ஞாயிறு ஏன் வரவில்லை என்று கேட்காமலிருக்கவும் வேண்டும். இறுதியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

தங்கவயலில் இன்று ஊழியம் செய்வோர்க்கு நேரமே பெரிய சிக்கல். இருள் பிரியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவில்தான் வீடு திரும்புகின்றனர். பகலில் வீடு சந்திக்கச் செல்லும் போதகர் பெரும்பாலும் காண்பது, மூச்சிரைக்கக் கட்டிலில் சாய்ந்திருக்கும் பழைய சுரங்கத் தொழிலாளியை. பேசினால் இருமுவார். ஆகவே போதகர் அங்கே அதிகம் பேச வேண்டியதில்லை. ஓய்வூதியத் தாள்களை எடுத்துக்கொண்டு எந்த அலுவலகத்துக்கு யார் போவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மகன் ரயிலிலிருந்து இறங்கும் நேரத்துக்கு மீண்டும் ஒருமுறை வரவேண்டும்.